மூடியிருக்கணும்

கன்னடச் சீமையில், தமிழர்கள் குடியிருந்த ஜோகுபாளையத்துக் குழாயில் தண்ணீர் காலை ஐந்தரைக்கு வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும். ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. தூறலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்ற சின்னத்தாயியின் குடத்தை ஜானகி காலால் உதைத்தாள். குடம் உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது.

ஜானகியின் புருஷன் கோவிந்தப்பா செத்து அன்றைக்குப் பதினோராம் நாள்.

"அக்கா அக்கான்னு உன் பின்னாடி சுத்தினேனே. எம் புருசன வேக வெச்சது உன் புருசன்தான்னு உன் வாயாலயே சொல்லிட்டு, எந்த மூஞ்சிய வெச்சிகினு அதே கொழாய்க்கு வர்ற?"

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?"

"கொமாஸ்தா ஐயரு நேத்து ஆபீஸ்ல ஒக்கார வெச்சிப் படிச்சிக் காட்டினாரு. கீழ உன் கைநாட்டு இருந்திச்சி. 'எம் புருசன் வால்வ மூடிட்டு வந்திருக்கணும், மூடாம வந்துட்டான்'னு சொல்லிகிற. இல்லன்னு சொல்லு, பாக்கலாம்."

வரிசையில் இருந்த பெண்கள் குடங்களை முன்னால் நகர்த்திக்கொண்டார்கள். சின்னத்தாயி குடத்தை எடுத்து, சேற்றைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு நடந்தாள். மூடியிருக்கணும் என்று அவள் சொன்னது உண்மை. அந்த வார்த்தை அப்படியே நினைவிருந்தது. ஆனால் அதற்கு இந்த அர்த்தம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

சின்னத்தாயி, அவள் புருஷன் பெருமாள்சாமி, கோவிந்தப்பா மூன்று பேருக்கும் பழைய மெட்ராஸ் ரோட்டின் ஓரத்தில் இருந்த கிரேஸ்வுட் ஸ்டீம் லாண்டரியில்தான் வேலை. கண்டோன்மென்ட் ஓட்டல்களின் படுக்கை விரிப்பும், ஆஸ்பத்திரிகளின் ரத்தக்கறைத் துணியும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். மழைக்காலத்தில் ஊரில் ஒரு துணியும் காயாது, ஆகவே மழைக்காலத்தில்தான் லாண்டரிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பெருமாள்சாமி பாய்லர் பார்த்தான். சின்னத்தாயி மடிப்பு மேஜையில் நின்றாள். பதினாலு வருஷம் சலவைச் சோடாத் தண்ணீர் பட்டு அவள் விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. கைநாட்டு வைக்கும்போது வெறும் மைப்பொட்டுதான் விழும்.

கோவிந்தப்பாவுக்குத் துவைக்கிற தொட்டியில் வேலை. ஆள் நிற்கும் உயரம், இரும்பு. வாரத்துக்கு ஒருநாள் உள்ளே இறங்கி, அடியில் சேர்ந்த பஞ்சையும் பொத்தான்களையும் வழித்தெடுக்க வேண்டும். பாய்லரிலிருந்து நீராவி வருகிற வால்வை மூடிய பிறகுதான் இறங்குவது வழக்கம். அன்றைக்கும் பெருமாள்சாமி மூடினான். மூடிவிட்டுக் கரி அள்ள வெளியே போனான். அவன் முதல் கூடையை நிரப்புவதற்குள் தொட்டிக்குள்ளிருந்து கோவிந்தப்பா கத்தினான். வெளியே இழுத்துப் போட்டபோது சட்டையோடு சேர்ந்து தோலும் வந்தது. சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்தது.

அந்த வால்வின் மரை தேய்ந்துபோய் மூன்று மாதம். இறுக்கி மூடினாலும் அழுத்தம் ஏறினால் தானாகத் தளர்ந்துகொள்ளும். மாற்றச் சொல்லிப் பெருமாள்சாமி மேனேஜர் ஓஸ்வால்ட் துரையிடம் மூன்று தடவை சொல்லியிருந்தான். மூன்று தடவையும் "நெக்ஸ்ட் மந்த்" என்றே பதில். இதற்கெல்லாம் காகிதம் கிடையாது. வாயால் சொன்னது.

நான்காம் நாள் கம்பெனியே ஒரு விசாரணை நடத்தியது. ஓஸ்வால்ட் துரை நாற்காலியில் இருந்தார். தலைமைக் குமாஸ்தா வைத்தீஸ்வரன் சாட்சிகள் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் எழுதினார். சின்னத்தாயியை நிற்க வைத்துக் கேட்டார்கள்: உன் புருஷன் வால்வை மூடினானா?

அவள் மூடுவதைப் பார்க்கவில்லை. மடிப்பு மேஜைக்கும் பாய்லர் அறைக்கும் நடுவே சுவர். பொய் சொல்ல வரவில்லை. "நான் பாக்கல சாமி. ஆனா மூடியிருக்கணும். மூடாம அவரு வெளிய வரமாட்டாரு" என்றாள். வைத்தீஸ்வரன் எழுதினார். கைநாட்டு வைத்தாள். நடந்தது இவ்வளவுதான்.

குடம் உருண்ட அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது பெருமாள்சாமி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தானே களி கிண்டிக்கொண்டிருந்தான். வேலையிலிருந்து அவனை நிறுத்தி வைத்திருந்தார்கள். மூன்று நாளாக அவள் ஆக்கியதை அவன் தொடவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?" என்றாள்.

அவன் களியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திங்கக்கெழம கேட்ல நிக்க வெச்சிப் படிச்சாங்க. வாட்ச்மேன்லேர்ந்து வண்டிக்காரன் வரைக்கும் கேட்டுகினு இருந்தான்."

"மூணு நாளா இத மனசுல வெச்சிகினா இருந்த? நான் சொன்னது வேற..."

"பேப்பர்ல இருக்குது இல்ல?"

"பேப்பர்ல இருந்தா? அத எழுதினவன் யாரு, நானா?"

"உங்கிட்ட யாரு கருத்து கேட்டாங்க? மூடினாரு, நான் பாத்தேன்னு ஒரு வார்த்த. அத்தோட முடிஞ்சிருக்கும். ஊரான் பொண்டாட்டியெல்லாம் புருசனுக்காகக் கோர்ட்ல சூடம் அணைக்கிறா. நீ என்னமோ அரிச்சந்திரன் பொண்டாட்டி."

"பாக்காதத பாத்தேன்னு சொல்லணுமா?"

"போலீசுக்குப் போவப் போவுது அந்தப் பேப்பரு. எனக்கு ரெண்டு வருசம்னு சொல்றான் வாட்ச்மேன். போயிட்டு வரேன். வந்தப்புறம் எந்தத் தெருவுல நடக்கறது? எதிர்ல கோவிந்தன் பொண்டாட்டி வருவா."

அவள் அவன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள். களி சுவரில் தெறித்தது. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. அவளுக்கு அழுகை வரவில்லை. காதுக்குள் சூடாக இரைந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம், அவள் சொன்னதாகக் கம்பெனி எழுதிப் பெருமாள்சாமிக்குக் கொடுத்திருந்த காகிதத்தின் நகலை இடுப்பில் செருகிக்கொண்டு காக்ஸ் டவுனுக்கு நடந்தாள். லாண்டரி ஆபீஸில் டைப் அடிக்கும் பிரிஜெட் அங்கே மாதாகோவிலுக்குப் பின்தெருவில் இருந்தாள். சின்னத்தாயியின் வயதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட வேண்டிய கவுனைக் கஞ்சி போட்டுக் கொடுப்பது சின்னத்தாயி என்பதால் பழக்கம் உண்டு.

காகிதத்தைக் கையில் வாங்கியதும் பிரிஜெட்டின் முகம் மாறியது. "இத நான்தான் டைப் பண்ணேன், சின்னத்தாயி."

"இன்னா எழுதியிருக்குது, படிங்க மிஸ்ஸம்மா. அச்சரம் விடாம படிங்க."

"ஹி ஷுட் ஹேவ் க்ளோஸ்ட் தி வால்வ் பிஃபோர் கமிங் அவுட்."

"தமிழ்ல?"

"வெளிய வர்றதுக்கு முன்னாடி அவர் வால்வை மூடியிருக்கணும்."

"அதானே நான் சொன்னது!" என்றாள் சின்னத்தாயி. குழப்பத்தில் அவள் குரல் உயர்ந்தது. "அதையேதான் சொன்னேன். அதுல என்ன தப்பு?"

பிரிஜெட் காகிதத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள். "இப்ப நீ தூங்கி எழுந்து வெளிய பாக்கற. ரோடெல்லாம் ஈரம். என்ன சொல்லுவ?"

"மழ பேஞ்சிருக்கணும்னு சொல்லுவேன்."

"பேஞ்சிச்சா, பேயலயா?"

"பேஞ்சிச்சின்னுதான் அர்த்தம்."

"சரி. ஆடி பொறந்து பத்து நாளாச்சு, காவேரிப் பக்கம் ஒரு சொட்டு இல்ல. அப்ப, 'இந்நேரம் மழ பேஞ்சிருக்கணும்'னு சொல்லுவோம் இல்ல?"

"ஆமா."

"அப்ப பேஞ்சிச்சா?"

சின்னத்தாயி ஜன்னலை விட்டுக் காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. சொல்ற குரல்லயும் அடுத்த வார்த்தையிலயும்தான் வித்தியாசம் தெரியும். இங்கிலீஷ்ல வேற வேற. நீ சொன்னதுக்கு மஸ்ட் ஹேவ்னு போடணும். நிச்சயம் மூடியிருப்பார்னு அர்த்தம். ஷுட் ஹேவ்னு போட்டா, மூட வேண்டியது அவர் கடமை, அவர் மூடலன்னு அர்த்தம்."

"அடுத்த வார்த்த சொன்னேனே! மூடாம வெளிய வரமாட்டாருன்னு சொன்னேனே! அது எங்க?"

"அத இதுக்குள்ளயே போட்டு மடிச்சிட்டார். 'வெளிய வர்றதுக்கு முன்னாடி'ன்னு."

"ஐயருக்குத் தெரியாமப் போச்சா? பெரிய படிப்பு படிச்சவராமே."

பிரிஜெட் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "தெரியும்," என்றாள். "அவர் கையால எழுதின காகிதத்தப் பாத்துதான் நான் டைப் அடிச்சேன். அதுல மொதல்ல மஸ்ட்னுதான் எழுதியிருந்தார். அப்புறம் சிவப்பு மையில அடிச்சிட்டு, மேல ஷுட்னு எழுதியிருக்கார். ஏதோ கிராமர் திருத்தறார்னு நெனச்சேன். நெனச்சேனா, நெனக்கற மாதிரி இருந்துட்டேனா, எனக்கே தெரியல. அந்தக் காகிதம் இன்னும் என் டிராயர்ல இருக்கு."

சின்னத்தாயி காகிதத்தைப் பிடுங்கி இடுப்பில் செருகினாள். "ஒரு வார்த்தைய அடிச்சா ஒரு மனுசன் ஜெயிலுக்குப் போறான். நீங்க டக்கு டக்குன்னு தட்டிட்டு வீட்டுக்கு வந்து காபி குடிச்சீங்க."

"திட்டு. நீ திட்டலாம். ஆனா இன்னொண்ணும் கேட்டுட்டுப் போ. ஜானகி பேர்ல ஒரு காகிதம் இருக்கு. அதையும் நான்தான் அடிச்சேன். 'என் புருஷன் அந்தத் தொட்டியில இறங்கியிருக்கக் கூடாது'ன்னு அவளே ஒத்துக்கிட்டதா இருக்கு. உத்தரவு இல்லாம அவனா எறங்கினான், அதனால கம்பெனி பொறுப்பில்லன்னு ரிப்போர்ட்ல முடிச்சிருக்காங்க. திங்கக்கெழம கவர்மென்ட் இன்ஸ்பெக்டர் வரார். ரெண்டு காகிதத்தையும் அவர்கிட்ட குடுக்கப்போறாங்க."

சின்னத்தாயி நேராக ஜானகி வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை, தள்ளினாள். ஜானகி முறத்தில் ராகியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெளிய போ."

"போறேன். ஐயரு என் வார்த்தைய மாத்தி எழுதின மாதிரியே, நீ கைநாட்டு வெச்ச காகிதத்துல என்ன எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சிக்க. தொட்டியில எறங்கினது உம் புருசன் தப்புன்னு நீயே சொல்லியிருக்கியாம்."

ஜானகி முறத்தைக் கீழே வைத்தாள். "நானா? அன்னிக்கு நான் யார்கிட்ட என்ன பேசினேன்? பொணம் வீட்ல கெடந்திச்சி. ஐயரு மாலையோட வந்தாரு. சாவு செலவுக்குன்னு ஒரு காகிதத்துல என் வெரல எடுத்து வெச்சாரு. நான் அழுதுகினு கெடந்தேன்."

"அழுது என்ன சொன்ன?"

"ஒப்பாரிதான் வெச்சேன். ஊருக்கே தெரியும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. போயிருக்கக் கூடாதே, எறங்கியிருக்கக் கூடாதே. அன்றைக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடிய அடிகள்.

"ஒப்பாரியையா எழுதிகினு போனான்?" என்றாள்.

முறம் சுவரில் போய் மோதியது. ராகி வீடு முழுக்கச் சிதறியது. இரண்டு பெண்களும் அதை மிதித்துக்கொண்டு நின்றார்கள். "அவருக்கு மனசே இல்லக்கா," என்றாள் ஜானகி. "மத்தியானம் சோத்துக்கு வந்தப்ப சொன்னாரு. வால்வு சரியில்ல, பெருமாளண்ணன் மூடினாலும் நிக்க மாட்டேங்குது, பாய்லர ஆத்திட்டு நாளைக்கி எறங்கறேன்னு சொன்னா தொரை ஒத்துக்கல, ஆஸ்பத்திரி துணி நிக்குது இப்பவே எறங்குங்கறாருன்னு சொன்னாரு. இதெல்லாம் எங்கிட்ட ஒருத்தனும் கேக்கல. நானும் உன் காகிதத்தக் கேட்டுட்டு, பெருமாளண்ணன் மூடவே இல்லன்னு நெனச்சிட்டேன்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கன்னடக்காரர், தடித்த கண்ணாடி. முதலில் பாய்லர் அறைக்குப் போய் வால்வைப் பார்த்தார். பளபளவென்று புதுப் பித்தளை. "பழையது எங்கே?" என்று கேட்டார். பழைய இரும்போடு போய்விட்டது என்றார் ஓஸ்வால்ட் துரை. இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஆபீஸ் அறையில் வைத்தீஸ்வரன் காகிதங்களை அடுக்கிவைத்திருந்தார். சின்னத்தாயி உள்ளே வந்ததும், அவள் சொல்வதைத் தான் மொழிபெயர்ப்பதாகச் சொன்னார்.

"வேணாம்," என்றாள் சின்னத்தாயி. இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கன்னடத்தில் பேசினாள். அல்சூர்ச் சந்தையில் பழகிய கன்னடம், ஆனால் தடங்கல் இல்லாதது. "நான் பார்க்கவில்லை ஸ்வாமி. அவர் வால்வ பந்த் மாடிர்பேக்கு. பந்த் மாட்பேகாகித்து அல்ல."

கன்னடத்தில் அந்த இரண்டும் தனித்தனி. மூடியிருப்பார் என்பது முதலாவது. மூட வேண்டியது, மூடவில்லை என்பது இரண்டாவது. அதைச் சரியாகச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருந்தாள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முன்னால் இருந்த இங்கிலீஷ் வரியை இரண்டு தடவை படித்தார்.

"இதில் வேறு மாதிரி இருக்கிறதே?"

"மூடியிருக்கணும்னுதான் சொன்னா," என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னார் வைத்தீஸ்வரன். "வேணும்னா அவளையே கேளுங்கோ. தமிழ்ல அதுக்கு அந்த அர்த்தம் உண்டா இல்லையா? நான் இங்கிலீஷ் லிட்ரேச்சர் பி.ஏ."

"உண்டு," என்றாள் சின்னத்தாயி. "ரெண்டு அர்த்தம் உண்டு. ரெண்டும் உனக்குத் தெரியும். எது எங்கள அழிக்குமோ அத எடுத்துகினே."

அப்போது டைப் மிஷின் சத்தம் நின்றது. பிரிஜெட் எழுந்து வந்து, கையெழுத்துக் காகிதத்தை இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் வைத்தாள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் பழைய வார்த்தை நன்றாகத் தெரிந்தது. "மிஸ் பிரிஜெட்!" என்றார் ஓஸ்வால்ட் துரை. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. காகிதத்தை இன்ஸ்பெக்டர் பக்கம் தள்ளினாள்.

அடுத்து ஜானகி. இன்ஸ்பெக்டர் அவள் காகிதத்தைப் படித்து, இப்படிச் சொன்னாயா என்று சின்னத்தாயி மூலம் கேட்டார்.

ஜானகி காகிதத்தைப் பார்த்தாள். பிறகு அந்த அறையின் நடுவில், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்தாள். மாரில் ஒரு அடி அடித்து, குரலை எடுத்தாள்.

"போயிருக்கக் கூடாதே என் பொன்னே, நீ
பொகத் தொட்டியில எறங்கியிருக்கக் கூடாதே
சுடுதண்ணி தந்தாலும் ஆத்தித்தான் தருவேனே
சூடு தாங்காத ஒடம்பே, என் தொரையே!"

மடிப்பு மேஜைப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களை யாரும் விரட்டவில்லை. ஜானகி சட்டென்று நிறுத்தி, தலை நிமிர்த்தி வைத்தீஸ்வரனைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"இத்தானே நான் சொன்னது? இத்தானே நீ எழுதிகினு போனே? மாலையக் கையில வெச்சிகினு, எம் புருசன் பொணத்துக்குப் பக்கத்துல நின்னு, இத்தானே எழுதினே? மாரடிச்சத எப்படிய்யா எழுதின? அதுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்த போட்ட? சொல்லு!"

வைத்தீஸ்வரன் பேனாவின் மூடியைத் திருகினார். திருப்பித் திருகினார்.

"இப்ப நான் சொல்றேன், எழுது. கூடாது, இருக்கணும் எதுவும் இல்ல இதுல. தொரை எறங்கச் சொன்னாரு. வால்வு சரியில்லன்னு எம் புருசன் சொன்னாரு. தொரை கேக்கல. எம் புருசன் எறங்கினாரு. செத்தாரு. எழுதுய்யா!"

எழுதியது இன்ஸ்பெக்டர். சின்னத்தாயி ஒவ்வொரு வரியாகக் கன்னடத்தில் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள், காட்டினார். ஓர் இடத்தில் திருத்தம் கேட்டாள், திருத்தினார். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் கைநாட்டு வைத்தார்கள். பெருமாள்சாமிமேல் போலீசுக்குப் போகவிருந்த காகிதம் போகவில்லை. வழக்கு லாண்டரிமேல் திரும்பி ஒன்றரை வருஷம் இழுத்தது. பழைய வால்வு கடைசிவரை கிடைக்கவில்லை. கம்பெனிக்கு ஏதோ அபராதம் போட்டார்கள். வைத்தீஸ்வரனை ஒன்றும் செய்யவில்லை. பிரிஜெட்டுக்கு மட்டும் அந்த வாரமே சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை இரண்டு மணி வாக்கில் சின்னத்தாயியும் ஜானகியும் வெளியே வந்தார்கள். உள்ளே விடாததால் பெருமாள்சாமி காலையிலிருந்து கேட்டுக்கு வெளியே மழையில் நின்றிருந்தான். சாக்குத்துணி தலையோடு ஒட்டியிருந்தது. அவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"இன்னா எழுதினாங்க?" என்றான். "சொல்லு தாயி, இன்னா எழுதினாங்க?"

சின்னத்தாயி அவனை நின்று பார்த்தாள்.

"இன்னா எழுதினாங்கன்னு இப்பக் கேக்குற. பேப்பர்ல என்ன இருக்குதுன்னு அன்னிக்கும் உனக்குத் தெரிஞ்சிருந்திச்சி. நான் இன்னா சொன்னேன்னு இந்த ஒரு வாரத்துல ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அவன் தலையிலிருந்த சாக்குத்துணியை இழுத்துப் பிழிந்தான். 

அவள் ஜானகியின் கையைப் பிடித்துக்கொண்டு, வரும் பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டைத் தாண்டினாள். பஸ் போய் முடிகிறவரை பெருமாள்சாமி இந்தப் பக்கமே நின்றான்.